பச்சைச் சைக்கிளின் இடது பெடல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். மலேசியாவின் ரெம்பாவ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்து முச்சந்தியில் நான் காலைப் பசியாறக் கடை போட்டிருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு குடை, ஒரு மேசை, இட்லி, சாம்பார், கொஞ்சம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். எல்லாவற்றையும் லயத்து வரிசை வீட்டில் சமைத்து, சைக்கிளின் பின்னால் கட்டி, செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் சடக்கில் மிதித்துக்கொண்டு வந்து சேர்ப்பேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. பிறவியிலேயே அப்படி. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பேன். சின்ன வயதில் தோட்டத்தில் எனக்கு என்ன பட்டப்பெயர் என்று நான் எழுத வேண்டியதில்லை, நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் நானும் மற்றவர்களும் ஒன்றுதான். அதுவும் எல்லாச் சைக்கிளிலும் இல்லை, என் பச்சைச் சைக்கிளில் மட்டும். வேறு எதில் ஏறினாலும் இடது கால் பெடலோடு அடிவரைக்கும் போகாது. இடுப்பு இழுக்கும், நாலு மிதியில் இறங்கிவிடுவேன். இதில் மட்டும் எப்படி முடிகிறது என்று நான் யோசித்ததே கிடையாது. நமக்கு ராசியான சைக்கிள் என்று விட்டுவிட்டேன்.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதையும் சின்னதுதான். அப்பா துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது, பங்களா ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். சமையல்காரர் பெரிய சுவர்க்கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். டிரைவர் பிரம்பு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. கடிகாரத்தை விட்டுவிட்டு வந்த மனிதரை அம்மா ஒரு வாரம் சும்மா விடவில்லை.

அப்பா சைக்கிளை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். நான் வளர்ந்து ஆளான பிறகு ஒருநாள் இறக்கி, சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, ஏறு என்றார். வயசுக்கு வந்த பெண் ஆம்பளை சைக்கிளில் போகிறாள் என்று லயமே பேசியது. அப்பா கண்டுகொள்ளவில்லை. வருடா வருடம் ஆயுத பூசைக்குக் கோயில் கதவுக்கு அடித்த பச்சைப் பெயிண்டில் மிச்சத்தை வாங்கி வந்து அதற்கு அடிப்பார், சந்தனம் குங்குமம் வைப்பார். டயர் மாற்றினோம், செயின் மாற்றினோம், பின்னால் சாமான் கட்ட இரும்புச் சட்டம் ஒட்டவைத்தோம். எதற்கும் அவர் தடை சொன்னதில்லை. பெடல் பக்கம் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டார். கிழவருக்கு ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு பெயிண்ட் அடிக்கும் வேலை எனக்கு வந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள் கூட்டம் ஒன்று எங்கள் பக்கம் வந்தது. பழங்காலத்துச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, பழைய சைக்கிள்களில் ஊர் சுற்றும் ஆட்கள். மலாய்க்காரர்களும் நம்மவர்களும் கலந்துதான் வருவார்கள். இருந்த இட்லி எல்லாம் காலியானது, எனக்குச் சந்தோஷம். எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு தம்பி மட்டும் போகவில்லை. மந்தினில் வீடு, கோலாலம்பூரில் வேலை என்றார். குடைக்குப் பின்னால் சாய்த்திருந்த என் சைக்கிள் முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பிகள் சேரும் மூட்டுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, இந்த சைக்கிள் எங்க கெடைச்சது?"

"ஏன், ஒன்னோடது ஏதாச்சும் காணாமப் போச்சா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, பெயிண்டுக்கு அடியில் பாருங்கள் என்றார். எத்தனையோ ஆயுத பூசைப் பெயிண்ட் ஏறிப்போயிருந்த மூட்டில், இலை வடிவம் ஒன்று லேசாகத் தெரிந்தது. நான் அதைப் பெயிண்ட் வழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கையால் அரம் போட்டு ராவி எடுத்த இலை அது என்றார். அப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கம் சொன்னார். கம்பெனி சைக்கிள் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வரும். இது இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது. கேட்டவருக்கு மட்டும்தான் செய்வார்கள். அதனால்தான் இத்தனை லேசு, ஒரு கையால் தூக்கிவிடலாம். உலகத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம், உடைக்காமல் மாற்றாமல் இருப்பது அதைவிடக் கொஞ்சம், அதனால் சேகரிப்பவர்கள் போட்டி போடுகிறார்கள் என்றார். கடைசியில் ஒரு விலை சொன்னார். அதில் புது மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

எனக்கு அந்த விலை எங்கே போய்த் தைத்தது என்று சொல்ல வேண்டும். தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போய்விட்டது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆறு மாதத் தவணை கொடுத்திருந்தார்கள். மம்பாவ் பக்கம் மலிவு விலை வீடு ஒன்றுக்குப் பேர் கொடுத்திருந்தோம், முன்பணம்தான் முட்டிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரருக்குக் கண்பார்வை மங்கியதிலிருந்து லோரி வேலை போய்விட்டது. கடைதான் சோறு. கடைக்குச் சைக்கிள்தான் கால். சைக்கிளை விற்றால் வீடு வரும், கடை போகும். விற்காவிட்டால் கடை இருக்கும், வீடு இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் சிக்கிக்கொண்டேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் சைக்கிளைச் சுத்தம் பண்ணிப் படம் எடுக்க வேண்டும், மறுவாரம் கொண்டுவந்து விடுகிறேன் என்று தம்பி கேட்டார். பள்ளி விடுமுறை வாரம், கடைக்குக் கூட்டம் குறைவு. சரி, அந்த வாரம் கடை வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன். சந்தனத்தை மட்டும் தேய்த்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன். பெடல் ஞாபகமே எனக்கு வரவில்லை.

சொன்னபடி மறு ஞாயிற்றுக்கிழமை வேனில் கொண்டுவந்து இறக்கினார். சைக்கிள் பளபளவென்று இருந்தது. ஓட்டிப் பாருங்கள் அக்கா என்றார். நல்லவேளை, அன்றைக்குக் கடை இல்லை, பின்னால் சுடச்சுடச் சாம்பார் தூக்கு இல்லை. ஏறினேன். லயத்துக்குக் கீழே பாலத்தை நோக்கி ஓர் இறக்கம் உண்டு. பாதி இறக்கத்தில் இடது பெடல் கீழே போனது, என் கால் அதோடு போகவில்லை. காலைத் தேடினேன், இடுப்பு திரும்பியது, ஹேண்டில் அதைவிட வேகமாகத் திரும்பியது. அடுத்ததாக நான் கண்ணைத் திறந்தபோது பெரணிச் செடிகளோடு சாக்கடைக்குள் கிடந்தேன். பாலத்தின் சிமெண்டுக் கட்டை என் தலைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது.

தம்பி ஓடிவந்து தூக்கினார். வீட்டுக்காரரும் தடவித் தடவி வந்து சேர்ந்தார். முழங்கை சிராய்ப்பு, சேறு, அவ்வளவுதான். ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே.

"என்னா தம்பி பண்ண, என் சைக்கிள?"

"ஒன்னும் பண்ணலக்கா. லெப்ட் சைடு கிராங்க மட்டும் யாரோ தப்பா மாட்டியிருந்தாங்க. தோட்டத்துல கெடைச்சத எடுத்து மாட்டுவாங்கல்ல, அப்படித்தான்னு நெனைச்சேன். ரெண்டையும் கழட்டிட்டு ஜோடியா புதுசு போட்டேன். ஒங்களுக்கு நல்லதுன்னுதான்."

கிராங்க் என்பது பெடலைத் தாங்கும் இரும்புக் கை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் தோட்டத்தில் எது உடைந்தாலும் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவதுதான் வழக்கம். மருந்து தெளிக்கும் பம்பின் குழாய் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயாக இருந்தது, கோயில் கேட்டுக்கு லோரி ஸ்பிரிங். பொருத்தமில்லாத ஒன்று கண்ணில் பட்டால் யாரோ தோட்டத்து ஆள் ஒப்பேற்றியது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கும்.

வேனுக்குள் இருந்த பழைய கிராங்குகளைக் கொண்டுவந்து வாசல் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கத்துக் கை, வலது பக்கத்துக் கையைவிட இரண்டு விரல்கடை குட்டை. இத்தனை வருடம் மிதித்தவள், அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒன்று மேலே இருந்தால் ஒன்று கீழே இருக்கும், வலது பக்கத்தை அப்பா தகரத்தில் அடித்த செயின் மூடி பாதி மறைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியே இல்லாமல் போய்விட்டது.

"இத நான் கவனிக்கலக்கா," என்று தம்பி குட்டைக் கையைத் திருப்பினார். பெயிண்டைச் சுத்தமாகச் சுரண்டினார். உள்பக்கத்தில் சின்னதாக ஓர் எண் அடித்திருந்தது. நெட்டைக் கையிலும் அதே எண். எழுந்து போய்ச் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டினார். அடிக்கம்பியிலும் அதே எண். தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் ஒப்பேற்றவில்லை, செய்தவனே இப்படித்தான் செய்திருக்கிறான் என்றார்.

வீட்டுக்காரர் இதே தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

"நொண்டித் தொரை சைக்கிளாச்சே. அவருக்கும் எடது காலுதானே."

எனக்கு அந்தத் துரையின் தொப்பிதான் ஞாபகம் இருந்தது, நடை ஞாபகம் இல்லை. அவர் ஊருக்குப் போனபோது நான் ரொம்பச் சின்னப் பிள்ளை. குள்ளமான மனிதர், காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார், முன்னால் துரை என்பார்கள், முதுகுக்குப் பின்னால் நொண்டித் துரை என்பார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே போனார். என் காதில் பாதிக்கு மேல் விழவில்லை.

அந்தச் சைக்கிளைத் தினமும் துடைத்து வைத்தவர் என் அப்பா. துரையின் காலையும் பார்த்தவர், என் காலையும் பார்த்தவர். கடிகாரத்தை விட்டுவிட்டு, ஓட்டத் தெரியாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, என் கால் எட்டும் வரைக்கும் விட்டத்தில் கட்டிக் காத்திருக்கிறார். அம்மா திட்டியபோதும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டாரோ என்னவோ. சேற்றுப் பாவாடையோடு படியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

தம்பி பழைய கைகளையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து வந்தார். வெளிநாட்டில் இந்த மாதிரி சைக்கிள்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பியிருந்தாராம். ஆளின் காலை அளந்து, அந்தக் காலுக்கென்று செய்தது, இன்னொன்று இருக்க வாய்ப்பே இல்லை என்று பதில் வந்ததாம். கோலாலம்பூரில் ஒரு பணக்காரச் சேகரிப்பாளர் இப்போதே கேட்கிறார் என்றார். அவர் சொன்ன விலையில் முன்பணம் கட்டி மிச்சமும் இருக்கும்.

"மொத நாளு சொன்ன வெலைக்கு நான் வாங்கிட்டுப் போயிருந்தா, தெரியாமயே ஒங்கள ஏமாத்தியிருப்பேன்கா. இப்ப தெரிஞ்சிருச்சு, அதான் வந்து சொல்றேன்."

அவர் வாயை மூடிக்கொண்டு பழைய விலைக்கே கேட்டிருக்கலாம். நானும் கொடுத்திருப்பேன். முன்பின் தெரியாத ஆள், என்னைச் சாக்கடையில் தள்ளியவர், அவர்தான் இதையும் செய்தார். என் கோபம் எல்லாம் அத்தோடு போனது. போனாலும் காட்டிக்கொள்ளவில்லை, ஒரு கோப்பி மட்டும் கலக்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உங்க அப்பா குடுத்தது, நீ குடுக்க மாட்டே, பரவாயில்லை, வீட்டுக்கு வேறு வழி பார்ப்போம் என்றார். நான் அந்தப் பத்து நாளும் யோசித்திருந்தேன். அப்பா எடுத்து வந்தது இரும்பை இல்லை, என் காலுக்குப் பொருந்தும் ஒன்றை. பொருந்தும் ஒன்று எனக்கு இருந்தால் போதும், அது பச்சையாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்கமாட்டார். வீடும் வேண்டும், கடையும் வேண்டும். இரண்டையும் விடக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"தர்றேன் தம்பி," என்றேன். "ஆனா மொதல்ல என் காலுக்கு ஒன்னு செஞ்சி குடு. சாமான் எல்லாம் கட்டி, அதுல நான் அந்த எறக்கத்துல எறங்கி, மேடு ஏறி, கடைக்குப் போய்ச் சேரணும். சேர்ந்தா இத எடுத்துக்க. சேரலன்னா பேச்சே இல்ல."

இது என்ன பெரிய விஷயம் என்பது போல் தம்பி தலையாட்டினார். ரெம்பாவ் பசாருக்குப் பின்னால் ஒரு சீனர் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார், தவுக்கே என்றுதான் சீன முதலாளிகளைக் கூப்பிடுவோம், அங்கே கூட்டிப்போனார். எங்கள் தோட்டத்துச் சைக்கிள்களைப் பார்த்தே வயதானவர், உடைந்த தமிழ் பேசுவார். பெடல் மேல் ஒரு கட்டையை வைத்துக் கட்டிக்கொள், போதும் லா என்றார். கட்டை வைத்துச் சின்ன வயதிலேயே விழுந்தாயிற்று தவுக்கே, கட்டை வேண்டாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு புதுச் சைக்கிளின் இடது கிராங்கை வெட்டி, குட்டையாக்கி, ஒட்டவைத்துக் கொடுத்தார். இட்லிப் பானையோடு மேடு ஏறும்போது ஒட்டு விட்டுவிட்டது. தள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுவாரம் பஸ் ஏறிப் போய் உடைந்ததை அவர் மேசையில் வைத்தேன். அடுத்த தடவை உடையவில்லை, ஆனால் அளவு தப்பிவிட்டது. முன்னால் எட்டாத கால் இப்போது முட்டிக்கொண்டது. மறுபடியும் பஸ் ஏறினேன். தம்பிக்கே தர்மசங்கடம். வேலை நாளில் லீவு போட்டு என் பின்னாலேயே வந்தார். கோலாலம்பூர்க்காரர் அவசரப்படுத்துகிறார், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பழகிக்கொள்ளுங்களேன் அக்கா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். பிறந்ததிலிருந்து நான்தான் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டு இருக்கிறேன், இந்த ஒரு தடவை சைக்கிள் எனக்குப் பழகட்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது முறை போனபோது வீட்டுக்காரரும் துணைக்கு வந்தார். தவுக்கே என்னைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"செருப்பு கழட்டு. அங்க செவுத்துல நில்லு, நேரா."

நின்றேன். இடது குதிகால் தரையைத் தொடாமல் தொங்கியது. அதை மறைக்க வலது முட்டியை மடக்குவது என் பழக்கம். மடக்காதே என்று அதட்டினார். டேப்பின் ஒரு முனையை என் இடுப்பில் பிடிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்தார். கண் தெரியாத மனிதர் இரண்டு தடவை இடம் தப்பிப் பிடித்தார், மூன்று பேரும் சிரித்துவிட்டோம். தவுக்கே குனிந்து வலது காலை அளந்தார், சாக்குக்கட்டியால் சுவரில் ஓர் எண் எழுதினார். இடது காலை அளந்தார், அதன் பக்கத்திலேயே இன்னோர் எண் எழுதினார். ஐயோ பாவம் என்ற பார்வை இல்லை. பிறக்கும்போதே இப்படியா என்ற கேள்வியும் இல்லை. இரண்டு எண்ணையும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டு சைஸ். சரி லா. ரெண்டு சைஸ் போடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். தையல் கடையில் கை நீளம் எழுதிக்கொள்வது மாதிரி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஐம்பது வயது தாண்டியும் என் காலை யாரும் அளந்ததில்லை. பார்த்திருக்கிறார்கள், பரிதாபப்பட்டிருக்கிறார்கள், கோயிலில் வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அது குறையாகத்தான் தெரிந்தது. இவருக்கு அது ஓர் அளவு.

இந்தத் தடவை அவர் வெட்டி ஒட்டவில்லை. தடிமனான ஒரு கிராங்கில் மேலே தள்ளிப் புதுத் துளை போட்டு, மரை பிடித்து, அடியில் மிஞ்சியதை அறுத்து எறிந்தார். தம்பி வேனில் கொண்டுவந்து விட்டுப்போன சைக்கிளில் என்னை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, சீட்டையும் ஹேண்டிலையும் நிறுத்தினார். கடைசியில் அவருக்கே பிடிவாதம் வந்துவிட்டது. நான் சரி என்ற பிறகும் இல்லை, இறங்கு என்று இன்னொரு தடவை கழற்றினார்.

மறுநாள் காலையில் இட்லிப் பானை, சாம்பார் தூக்கு, பொட்டலக்கூடை எல்லாம் கட்டினேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றார். இறக்கத்தில் இறங்கினேன். பாலத்தைத் தாண்டினேன். மேட்டில் இடது கால் ஒவ்வொரு மிதிக்கும் அடிவரைக்கும் போய், திரும்பி வந்தது. கடையில் தம்பி வேனோடு காத்திருந்தார். நான் பானையை இறக்கி அவருக்கு முதல் தட்டு இட்லி வைத்தேன். அவர் புரிந்துகொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பச்சைச் சைக்கிளைக் கடைசியாகத் துடைத்து, சந்தனம் வைத்து நானே வேனில் ஏற்றினேன். கோலாலம்பூர்க்காரர் அதை என்ன செய்வார் என்று கேட்டேன். பெரிய வரவேற்பறையில் சுவரில் மாட்டுவார், ஓட்டமாட்டார், ஓட்ட நினைத்தாலும் அவரால் முடியாது என்றார் தம்பி. உண்மைதான். உலகத்திலேயே அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அந்தத் துரையும் நானும்.

இப்போது மம்பாவில் இருக்கிறோம். வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆலைக்கு ஆட்களை ஏற்றும் பஸ் நிற்கும் இடத்தில் கடை போட்டிருக்கிறேன், நல்ல ஓட்டம். புதுச் சைக்கிளுக்குப் போன ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்தேன், பெயிண்ட் அடிக்கவில்லை. தம்பி எப்போதாவது இட்லி சாப்பிட வருவார். ஒரு பழைய சைக்கிளுக்குப் போய் ஏன் அத்தனை விலை என்று கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் கேட்பார்கள். அவர் இலை மூட்டு, கைவேலை, அரிது என்று விவரமாகச் சொல்வார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ரெம்பாவுக்கு ஏதாவது வேலையாகப் போனால் மட்டும் தவுக்கே பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்; ஊரெல்லாம் குறை என்று சொன்ன என் கால், அந்தச் சுவரில் அழியாமல் இரண்டு எண்களாக நிற்கிறது, அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் முட்டியை மடக்காமல் நேராக நிற்கிறேன்.